புது ஊசி

எனக்குக் கை பஞ்சு மாதிரி. போட்டதே தெரியலையே சிஸ்டர் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். டாக்டர் வராத நாளிலும் சத்து ஊசிக்கு என்னைத் தேடி வருவார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

இந்தப் பதினொரு வருடத்தில் ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டதில்லை. அவரவர் கண் முன்னால் உறையைப் பிரித்துத்தான் மாட்டுவேன். எதில் மாட்டுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. சிரிஞ்சைச் சொல்கிறேன், அந்தப் பிளாஸ்டிக் குழாயை. அது தோலைத் தொடுவதே இல்லை. காலையில் ஒன்றைப் பிரித்தால் மதியம் வரை தாங்கும். நல்ல சாமானைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது.

தெருமுனைத் தையல்காரிக்கு முதல் சோதனையில் கிருமி உடம்புக்குள் நுழைந்த தடயம் தெரிந்தது. இரண்டாவதில், இன்னும் ரத்தத்தில் இருக்கிறது என்று உறுதியானது. ஹெபடைட்டிஸ் சி. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலைத் தின்னும். சத்தமில்லாமல் வேலை செய்பவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

அவள் புருஷன் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. யாரிடமிருந்து என்று கேட்டான். அவனை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஊசியாலயும் வரும்னு பெரிய ஆஸ்பத்திரில சொன்னாங்க. நான் ஊசி போட்டுக்கிட்டது இங்க மட்டும்தான். நீங்களே இவர்கிட்ட சொல்லுங்க சிஸ்டர்."

"புது ஊசிதானேம்மா போட்டேன்? நீயே பாத்தியே."

"பாத்தேன்..." என்றாள்.

"அப்புறம் என்ன, அவளே ஒத்துக்கிட்டா," என்றான் அவன். போகும்போது திரும்பி, "தட்டு, டம்ளரெல்லாம் தனியா வைக்கணுமா சிஸ்டர்?"

தட்டால் இது பரவாது என்று எனக்குத் தெரியும். "வச்சா நல்லதுதான்," என்றேன். ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வது ஒரு தப்பா?

மறுவாரமே பிள்ளையை வைத்துக்கொண்டு அவளை மட்டும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டாள். அதற்கு மூன்று மாதம் கழித்துப் பார்த்த சோதனையில் கிருமியே இல்லை. அந்த ரிப்போர்ட்டோடு அவன் வாசலில் போய் நின்றாளாம். கதவு திறக்கவில்லை. அதற்கு மாத்திரை கண்டுபிடிக்காதது என் குற்றமா சார்?

இப்போது முப்பத்தொரு பேருக்கு இதே கிருமி என்கிறீர்கள். எல்லாரும் என் கை பட்டவர்கள் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஊசி புதுசு. எத்தனை முறை கேட்டாலும் அதுதான் என் பதில்.

நேற்று எனக்கும் ரத்தம் எடுக்க உங்கள் நர்ஸ் வந்தாள். "புது ஊசிதான்," என்று உறையைக் காட்டினாள்.

ஊசி இருக்கட்டும், சிரிஞ்சையும் என் கண் முன்னால் பிரி என்றேன்.