விளக்கு எரிந்தால் கதவைத் திறப்பதில்லை

கலையகத்துக்குள் சப்பாத்தோடு வருவது சரியில்லை, தம்பி. உங்கள் பொலிஸ்காரருக்கு அது தெரிந்திருக்காது, கோபமில்லை. எங்கள் கிளிநொச்சி வானொலி நிலையத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். செருப்பை வெளியே விடு. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே மைக் திறந்திருக்கிறது, என்ன நடந்தாலும் கதவைத் திறக்காதே, உள்ளே எட்டியும் பார்க்காதே.

தேர்தல் கதையைக் கேட்டீர்கள். பணிப்பாளர் சபையில் ஊழியர்களே தெரிவு செய்யும் ஒருவருக்கும் ஓரிடம் என்று கொழும்பிலிருந்து அறிவித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒன்றாக இருந்து சாப்பிடுகிறவர்கள், வாக்கு என்று வந்தால் இரண்டுபட்டுப் போவார்கள். ஊழியருக்கு ஒரு குறையென்றால் மேலிடத்தோடு இவ்வளவு காலமும் பேசியது மூத்த அறிவிப்பாளரான நான்தான். அதற்கு வாக்குப்பெட்டி தேவைப்படவில்லை.

சாரங்காவை நான்தான் பழக்கினேன். முல்லைத்தீவுப் பிள்ளை, நல்ல குரல். அவள் தேர்தலுக்குப் பெயர் கொடுத்தாள், மற்றவர்கள் எல்லோரும் அவள் பக்கம் போய்விட்டார்கள். அன்று மத்தியானம், பதிவுசெய்த நாடகம் போய்க்கொண்டிருந்தபோது, அவளைக் கலையகத்துக்குக் கூப்பிட்டு விலகச் சொன்னேன்.

"ஏனக்கா விலக?" என்றாள். வானொலியில் வயதில்லை, எழுபதிலும் நான் அக்காதான். "இஞ்ச ஜெனரேற்றர் பழுதாக் கிடக்கிறது அங்க மேசையில இருக்கிற ஆருக்குத் தெரியும்? எங்கள்ல ஒராள் போய் இருக்கத்தான் வேணும்."

"அதைச் சொல்ல நான் இருக்கிறன்தானே, பிள்ளை."

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன்.

"அக்கா, நீங்கள் எங்களுக்காகக் கதைக்கேல்ல. கொழும்பு ஆக்கள் சொன்னதை எங்களுக்கு வாசிச்சுக் காட்டினீங்கள். செய்தி மாதிரி."

மூலையில் பழைய ஒலிவாங்கித் தாங்கி ஒன்று நின்றது. அடிப்பாகம் நல்ல இரும்பு. முதலில் வாயில்தான் அடித்தேன். கைக்கு எட்டிய உயரம் அது, வேறு காரணமில்லை. அந்தக் கம்பளத்தில் பல் விழுந்தாலும் சத்தம் வராது. அவள் கதவை நோக்கித் தவழ்ந்தாள். நான் ஆளியைத் தட்டிச் சிவப்பு விளக்கைப் போட்டேன்.

அந்நேரம் பார்த்துத் தொழில்நுட்பப் பகுதி நிரோஜன் நடைவழியால் வந்தான். கதவிலுள்ள சின்னக் கண்ணாடியில் அவன் தலை தெரிந்தது. சாரங்கா கீழே கிடந்தபடி இரண்டு கைகளாலும் கதவில் அடித்தாள். தடித்த கதவு, கேட்டிருக்காது. அவன் அண்ணாந்து விளக்கைப் பார்த்தான். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அரவமில்லாமல் திரும்பிப் போனான். நல்ல பிள்ளை. அவனைக் குறை சொல்லாதீர்கள். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தான்.

அவள் கை ஓயும்வரை தலையில் அடித்தேன். அதன்பிறகும் கொஞ்சம் அடித்தேன். முகம் முகமாக இருக்கவில்லை. நாடகம் முடிய, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, மைக்கைத் திறந்து மரண அறிவித்தல் வாசித்தேன். பூவரசங்குளத்து ஆசிரியர் ஒருவருடையது. குரல் தடுமாறவில்லை, ஒலிப்பதிவு இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

வாக்குமூலத்தில் பதவி ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் வெட்டிவிடுங்கள், தம்பி. அந்தக் கதிரையை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

நாளைக்கு நீதிமன்றத்துக்கு உடுக்க, வீட்டு அலுமாரியில் நீலப் பட்டுச்சேலை ஒன்று இருக்கிறது, ஆளனுப்பி எடுப்பியுங்கள். தேர்தல் அறிவித்தல் வந்த அன்று, பணிப்பாளர் சபைக் கூட்டத்துக்கென்று வாங்கியது. ஒருமுறைகூட உடுக்கவில்லை.