மாறன் மடையின் கற்கள்

அவைத்தலைவர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி அவர்களே! மாமன்னன் நீர்காத்த மாறனுக்குப் பெருவிழா எடுக்கும் தென்காசிப் பெரியோர்களே! தறியை நிறுத்திவிட்டுக் கடையநல்லூரிலிருந்து வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே! கைப்பிள்ளையோடு ஈர மண்ணில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! தலை தாழ்ந்த வணக்கம்.

மாறனின் மாண்பைப் பேச வந்தேன். வந்த இடத்தில் வேறொன்றும் பேச வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று சொல்வேன். முதலில் மன்னனைச் சொல்லிவிடுகிறேன்.

மீசை அரும்பும் வயதில் முடிசூடியவன் மாறன். மேற்கே மலை, மலையிலே அருவி, அருவியிலே வெள்ளம்! கீழேயோ வெடித்த வயல், வாடிய பயிர், வற்றிய வயிறு! கண்டான் காவலன். கோட்டைக்கு வந்த கல்லையெல்லாம் குளத்துக்குத் திருப்பினான். "அரசே, பகைவன் வந்தால்?" என்றார் அமைச்சர். "பகைவன் வந்தால் நான் நிற்பேன். பஞ்சம் வந்தால் யார் நிற்பார்?" என்றான்.

கை தட்டாதீர்கள், கேளுங்கள்.

ஓர் ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குளம் நிரம்பியது, கரை கசிந்தது. மடையைத் திறந்தால்தான் ஊர் பிழைக்கும். திறப்பதென்றால் மூச்சடக்கி நீரில் மூழ்கி, அடைத்த கல்லை உருவ வேண்டும். அதற்கென்று இருந்தவன் மாடன். அன்று அவனுக்குக் கடுங்காய்ச்சல். "எழுப்பலாமா?" என்றார்கள். "படுத்திருக்கட்டும், நான் இருக்கிறேன்" என்றான் மன்னன். மகுடத்தைக் கழற்றினான். மூழ்கினான். மடை திறந்தது. கரை நின்றது. ஊர் பிழைத்தது. மன்னன் மட்டும் மேலே வரவில்லை!

அந்த மடையைத் தொட்டுக் கும்பிட இன்று பிற்பகல் போனேன். பெரியோர்களே, அங்கே மடையைக் காணோம்! கரையைத் தாங்கிய மடைச்சுவரைப் பெயர்த்த இடத்தில் பெரும்பள்ளம். அதற்கு ஒரு முழம் கீழே வரை குளத்துத் தண்ணீர் ஏறி நிற்கிறது. கரையடியில் குடியிருக்கும் மாரித்தாய் என்ற அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மடையவா தேடுதிய? ராசாவுக்கு மேடை கட்டணும்னு அதைத் தூக்கிட்டுப் போயிட்டாவளே! மலையில மழை கொட்டுது. கரை போச்சுன்னா பிள்ளைகளத் தூக்கிட்டு எங்கன ஓடுதது?"

ஓடி வந்தேன். மேடை ஏறினேன். கம்பளத்தை விலக்கிப் பார்த்தேன். எதன்மேல் நிற்கிறேன்? மன்னன் உயிரைக் கொடுத்த மடையின்மேல் நிற்கிறேன்! அவனைப் புகழ அவன் மடையையே பெயர்த்தோமே, இது அடுக்குமா? மாலை சூட்டி அவன் மார்பிலே மிதித்தோமே, இது முறையா?

என்ன தம்பி? "ராசா கதையச் சொல்லுங்க" என்கிறாயா? இதுதானப்பா ராசா கதை!

தலைவர் என் காதில் சொல்கிறார்: "குளம் வத்திக் கிடக்கையில எடுத்தோம். ராசா தொட்ட கல்லுல ராசா விழா நடக்கட்டுமேன்னு ஆசை. விழா முடியவும் வச்சிருவோம்லா." அண்ணாச்சி, உங்கள் பக்தியை நான் அறிவேன். ஆனால் ஐந்தருவியில் வெள்ளம் என்று காலையிலிருந்தே யாரையும் குளிக்க விடவில்லையாம். அந்த வெள்ளம் எங்கே வரும்? நம் வாழ்த்துரை முடியட்டும் என்று வழியில் காத்திருக்குமா?

எனக்குப் பின்னால் பேச இருக்கும் புலவர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இந்த மேடையில் இனி எவரும் பேசுவதற்கில்லை. இதோ, மாலையைக் கழற்றிவிட்டு இறங்குகிறேன். பந்தல்காரத் தம்பி, அந்தப் பெட்ரோமாக்ஸ் விளக்குகளை முன்னால் குளத்தங்கரைக்குக் கொண்டு போ. வண்டி வைத்திருப்பவர்கள் மாட்டைப் பூட்டுங்கள். கடப்பாரை இருப்பவர்கள் மேடையின் கல்லடுக்கைக் கலையுங்கள். அண்ணாச்சி, விழாவுக்குத் தலைமை தாங்கியது போதும், கல்லுக்குத் தோள் கொடுங்கள்!

மாரித்தாயின் பிள்ளைகள் இன்று பயமின்றிப் படுத்து உறங்கட்டும். இவ்வளவு நேரம் கேட்டவர்களுக்கு என் நன்றி. கல் தூக்க எழுந்தவர்களுக்கு என் வணக்கம்!