நாலும் ஒரே சொல்

— தூக்குச்சட்டி கனமா இருக்கே. திறக்கவே இல்லியா?

— பசிக்கல சிசிலி. விடு.

— காலம்பற நெத்திலிக் குழம்பு வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனது நீங்கதான? இப்ப பசிக்கலங்கிய. போட் ஜெட்டியில வந்து நின்னதுல இருந்து ஒரு வார்த்த பேசல. ஆபீஸ்ல என்ன நடந்துச்சு?

— ஒண்ணும் நடக்கல. போட் ஏன் இன்னும் வரல?

— அக்கரையில பாம்பூஃப்ளாட்ல ஆளு ஏறிட்டு இருக்கு, அந்தா தெரியுதுல்லா. பேச்ச மாத்தாதிய. ஒங்க ஹெட்கிளார்க் படா பாபு ஏசினாரா?

— ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். கேட்டியா, ஒங்க டெம்பரரி டீச்சர்மாருக்கு ஒரு பரீட்சை வருதுல்லா...

— வருது. அதுல பாஸ் பண்ணினாத்தான் வேலை நிலைக்கும். அதுக்குத்தான நானும் விசாலாட்சி டீச்சரும் மாஞ்சு மாஞ்சு படிக்கோம்.

— அந்தத் தாள டைப் அடிக்கது நான்தான்.

— மாதாவே! இது எப்ப இருந்து?

— இந்த வாரம் பூரா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.

— சொல்லத்தான் கூடாது. வாயத் திறக்காதிய. நீங்க என் வீட்டுக்காரர்னு அவங்களுக்குத் தெரியுமா?

— நானே போயிச் சொன்னேன். 'பாபு, என் சம்சாரமும் எழுதுதா, வேற ஆளுட்ட குடுங்க'ன்னேன். 'தமிழ் தெரிஞ்ச டைப்பிஸ்ட் இந்தத் தீவுல நீ ஒருத்தன்தான் மத்தியாஸ், ஜல்தி கரோ, சீக்கிரம் முடி'ன்னுட்டு அவரு ஃபைலைப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு.

— அப்ப ஒங்க மேல தப்பில்ல. அடிச்சுக் குடுத்துட்டு மறந்துருங்க. எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். படிச்சிருக்கேன், எழுதிருவேன்.

— அதான் நடக்காது சிசிலி. படிச்சாலும் எழுத முடியாது.

— என்ன பேச்சு இது? நான் மக்குங்கியளா?

— ஐயோ, அப்படியில்ல. கேட்டியா, கல்கத்தாவுல கம்ப்யூட்டர்னு ஒரு மெஷின் வச்சிருக்கானாம். கேள்விய நாங்க ஒரு அமைப்புல அடிச்சு கப்பல்ல அனுப்பணும். அங்க அத அட்டையில ஓட்டை ஓட்டையா குத்தி மெஷினுக்குள்ள விடுவான். மெஷினே கேள்வித்தாள அச்சடிச்சுத் தள்ளும். பொறவு அந்தத் தாளு கப்பல்ல இங்க வரும், நீங்க எழுதுவிய, திருத்துறதும் அதே மெஷின்தான்.

— நல்லதுதான? மனுசன் திருத்தினா ஆளு பாத்து மார்க் போடுவான். மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது.

— மெஷினுக்குத் தமிழும் கிடையாது.

— அப்படின்னா?

— தமிழ் எழுத்து அதுல ஏறாது. எல்லாத்தையும் இங்கிலீஷ் பெரிய எழுத்துல அடிக்கணும். எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த இங்கிலீஷ் எழுத்துன்னு ஒரு தாளு குடுத்திருக்கான். அதுல பெரிய ளகரம், சின்ன லகரம், ழகரம் மூணுக்கும் சேத்து ஒரே ஒரு எல். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே ஏ.

— அப்ப பல்லியும் பள்ளியும் ஒண்ணா?

— ஒண்ணு.

— படமும் பாடமும்?

— அதுவும் ஒண்ணு. சிரிக்காத சிசிலி.

— சிரிக்காம? பள்ளிக்கூடத்துல பல்லி பாடம் நடத்துதுன்னு எழுதுவான் போல. சரி, சிரிக்கல. ழகரத்துக்கு இசட்டும் ஹெச்சும் போட்டா என்ன? நெடிலுக்கு ரெண்டு ஏ போட்டா?

— போட்டேன். எல்லாத்தையும் அப்படித்தான் மொதல்ல அடிச்சேன். படா பாபு தாள விசிறிட்டாரு. பட்டியல்ல இல்லாதது இருந்தா மெஷின் கார்ட துப்பிருமாம், ஒரு கார்ட துப்பினா கட்டு மொத்தமும் திரும்பி வந்துருமாம். திருப்பி அடின்னாரு.

— பெரிய ஆபீசர் சாகிப்ட்ட போக வேண்டியதுதான?

— போனேன். நல்ல மனுசன், உக்கார வச்சாரு. 'தமிழ்ல மூணு எல் இருக்கா? அப்படியா?'ன்னு கேட்டாரு. ரொம்ப ஆச்சரியமாக் கேட்டாரு. பொறவு, 'நான் என்ன செய்ய, நாளைக்குக் கப்பல் போகுது'ன்னாரு.

— அந்த மாதிரி கேள்விய எடுத்துட்டு வேற போட்டா?

— கேள்விய தொடுறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நான் அடிக்க மட்டுந்தான். அடிச்சிட்டேன் சிசிலி. இன்னைக்கு மத்தியானம் கடைசிக் கேள்வியையும் அடிச்சு உறையில போட்டு அரக்கு வச்சாச்சு. அதான் சோறு இறங்கல.

— போகட்டும். ஒண்ணு ரெண்டு கேள்விதான?

— தமிழ்ப் பகுதி முக்காவாசி அப்படித்தான். ஒரு கேள்வி, அதுக்கு நாலு விடை குடுத்திருக்கு. அடிச்சு முடிச்சிட்டுப் பாக்கேன், நாலும் ஒரே சொல்லு. ஒண்ணுக்கு ஒண்ணு நூலளவு வித்தியாசம் இல்ல. அதுல சரியான விடைக்குப் பக்கத்துல நட்சத்திரம் குத்தணும். குத்தினேன். அந்த நட்சத்திரம் எங்க இருக்குன்னு எனக்கும் மெஷினுக்கும் மட்டுந்தான் தெரியும்.

— சொல்லாதிய.

— விடை நம்பர மட்டும் சொல்லுதேன். படிச்சு எழுத வழியிருந்து நான் விடையச் சொன்னா அது களவு. வழியே இல்லாதப்ப சொன்னா எப்படிக் களவாகும்?

— எனக்கு நீங்க சொல்லுவிய. விசாலாட்சி டீச்சருக்கு யாரு சொல்லுவா? அவ புருசன் டைப்பிஸ்டா? மாயாபந்தர்ல அன்னம்மாள் டீச்சர் கைப்பிள்ளைய வச்சுக்கிட்டுப் படிக்கா. அவளுக்கு?

— எல்லாருக்கும் என்னால ஆகுமா? ஒருத்தியையாவது கரையேத்துதேன்.

— எனக்கு வேண்டாங்க.

— வேலை போச்சுன்னா என்ன செய்வ? ஒங்க அண்ணன் டோங்கிப் படகுல மீன் வந்தா ஜங்லிகாட் சந்தையில கொண்டு வச்சு விப்பியா?

— விப்பேன். எங்கம்மா விக்கலியா?

— ஒங்கம்மா ஒன்ன அதுக்கா படிக்க வச்சா? நீ போயிட்டா அந்தப் பள்ளிக்கூடத்துல தமிழ் சொல்லிக் குடுக்க ஆளு ஏது? பிள்ளைய எல்லாத்தையும் இந்தி கிளாஸ்ல தள்ளிருவான்.

— தெரியும்.

— தெரிஞ்சும் இப்படி நிக்கியே.

— வேற எப்படி நிக்க? போட் இந்தக் கரைக்குத் திரும்பிருச்சு. வாங்க, முன்னால போவம்.

— இரு. நம்பர் சொல்லல. ஆனா அந்தக் கேள்விய யாருட்டயாவது சொல்லலன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும். 'மீனின் பெயர் எது?' அதான் கேள்வி. வலை, வாலை, வாளை, வாழை. நாலையும் அடிச்சுப் பாரு. வி ஏ எல் ஏ ஐ. வி ஏ எல் ஏ ஐ. வி ஏ எல்... சிசிலி?

— ம்.

— என்னட்டி, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு?

— இந்தக் கேள்வி ஒங்களுக்கு எங்க இருந்து வந்துச்சு?

— போன வருசம் பள்ளிக்கூடங்கள்ல போட்ட பரீட்சைத் தாள எல்லாம் வாங்கி, அதுல இருந்து பொறுக்கிக் குடுத்தாங்க. பேரு எதுவும் இல்ல. ஆனா யாரோ கடக்கரையில பொறந்த ஆளு போட்ட கேள்வின்னு நினைச்சேன். வேற யாருக்கு வாளை மீன் ஞாபகம் வரும்?

— விடை அதே வரிசையிலயா இருக்கு?

— இல்ல. எல்லாத்தையும் மாத்திப் போடச் சொல்லி உத்தரவு. எங்கையாலதான் கலைச்சேன். ஏன் கேக்க?

— அப்ப எனக்கே விடை தெரியாது.

— சொல்லு சிசிலி. ஆளு எறங்குதாவ, இப்ப சங்கு ஊதிருவான்.

— எங்க அஞ்சாங்கிளாஸ் பிள்ளையளுக்கு நான் போட்ட கேள்விங்க அது. ஒரு பிள்ளைகூட தப்பா எழுதல.