மேனேஜர் யாரையும் கடிக்க மாட்டான்

– சத்தியமா சொல்றேன் சம்பந்தியம்மா, இதுல ஒரு எழுத்துகூட பொய் கிடையாது. பொய்யா இருந்தா என் பல்செட்டு கிளாஸ் தண்ணியிலயே கரைஞ்சு போகட்டும். மேனேஜர் சைவத்துக்கு மாறிட்டான்.

– ஆஸ்கர் மீனு சைவமா?

– பட்டாணிதான் சாப்பிடறான். அதுவும் தோல் உரிச்சுப் போடணும். புழுவைப் போட்டா, சின்னப் பசங்க கஷாயத்தைப் பாக்குற மாதிரி பாக்குறான்.

– போன மாசம் போட்டோ அனுப்பினீங்களே, என் உள்ளங்கையைவிடப் பெருசா இருந்தான். வாயைத் திறந்தா கட்டை விரல் உள்ள போயிடும். அவன் இருக்கிற தொட்டியில என் நியான் டெட்ரா மீனுங்களை விடச் சொல்றீங்க. ஒவ்வொண்ணும் குண்டூசிக்குச் சரிகை சுத்தின மாதிரி இருக்கும் சம்பந்தி. அவனுக்கு அது மிக்சர்.

– என்னம்மா இப்படிப் பிரிச்சுப் பேசுறீங்க? உங்க நியானு, உங்க ரேம் மீன் ஜோடி, என் மேனேஜர், எல்லாருமே தென் அமெரிக்காக்காரங்க. ஒரே ஆத்துத் தண்ணியில வந்தவங்க. சொந்தக்காரங்க.

– சொந்தக்காரங்கதான் அடையாளமே இல்லாம முழுங்குவாங்க.

– நான் டிப்போவுல பஸ் ஓட்டினவன்மா. எத்தனை விதமான ஜனங்களை ஒரே வண்டியில ஏத்தியிருப்பேன்! அதே கணக்குதான். மேல் தண்ணியில உங்க நியான் கூட்டம். நடுவுல மேனேஜர், தனி சீட்டு. அடியில மணலைக் கிளறிக்கிட்டு மீசை வெச்ச கோரி மீனு நாலஞ்சு. மூலையில உங்க ரேம் ஜோடி, லேடீஸ் சீட்டு மாதிரி, யாரும் போய் உக்காரக் கூடாது.

– உங்க பஸ்ஸுல ஒரு பயணி இன்னொரு பயணியை முழுங்கினதுண்டா?

– பார்வையைப் பார்த்தா சில பேரு அந்த முடிவுலதான் ஏறுவாங்க. இறங்குற வரைக்கும் ஒண்ணும் நடக்காது.

– ஆங்.

– நம்பலையா? பழைய வீட்டுல நடந்ததைக் கேளுங்க. கரண்டு போச்சு. காத்து மோட்டார் நின்னுடுச்சு. தொட்டியில அப்போ ஆறு சில்வர் டாலரு, தட்டு தட்டா இருக்குமே, அதுங்க. மூச்சு முட்டி மேல வந்து வாயைப் பொளக்குதுங்க. மேனேஜர் என்ன பண்ணான்? விருட்டுனு மேல வந்தான். வாலால தண்ணிய அடிச்சான் பாருங்க, மாவு பிசையுற மாதிரி! கரண்டு வர்ற வரைக்கும் நிறுத்தல. அத்தனை பேரும் பிழைச்சாங்க.

– அப்புறம்?

– அப்புறம் கரண்டு வந்துது. அவனே போய் மோட்டார் சுவிட்சை...

– சம்பந்தி.

– சரி, சுவிட்சை நான்தான் போட்டேன். எந்த சுவிட்சுன்னு அவன்தான் காமிச்சான்.

– அந்த ஆறு சில்வர் டாலரும் இப்போ எங்க?

– வயசாயிடுச்சும்மா அதுங்களுக்கு.

– நான் ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா இருந்தவ. வயசாயிடுச்சுங்கிற வார்த்தைக்கு உள்ள என்னென்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்.

– ஒண்ணே ஒண்ணு விஷயத்துல மட்டும் சந்தேகம் உண்டு. மத்த அஞ்சும் வயசுதான்.

– பாருங்க, சுத்தி வளைக்க வேண்டாம். என் பையனும் உங்க பொண்ணும் அந்த ஃபிளாட்டுல நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுக்கணும்னு ஆசைப்படறாங்க. சந்தோஷம். நீங்க போன மாசமே வந்துட்டீங்க. ஆனா வீட்டு ஓனர் ஒரு தொட்டிக்கு மேல கூடாதுன்னுட்டார். கீழ் வீட்டு சீலிங் ஒழுகுமாம். உங்க மேனேஜரோட இருக்கணும்னா அவன் வாயில நுழையாத உடம்பு வேணும். என் பிள்ளைங்களோட இருக்கணும்னா சின்னதா, சாதுவா இருக்கணும். ரெண்டு கூட்டத்துக்கும் பொதுவா இருக்கிறது கண்ணாடி மட்டும்தான்.

– அந்தக் கண்ணாடியையே நடுவுல ஒண்ணு தடுப்பா வெச்சுட்டா?

– ஒரே வீட்டுல தடுப்பு போட்டு வாழறதுக்கா என்னைக் கூப்பிடறீங்க?

– ஐயோ, அப்படிச் சொல்வேனா!

– அந்த ரேம் ஜோடி எங்க வீட்டுக்காரர் வளர்த்ததோட வாரிசு. முட்டை போட்டா ரெண்டும் மாறி மாறிக் காவல் நிக்கும். ஒண்ணு சாப்பிடப் போனா இன்னொண்ணு அசையாது. அவர் போனதுக்கு அப்புறம், அதைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்துதான் நாளை ஓட்டினேன். அதை வெச்சு விளையாட முடியாது சம்பந்தி.

– தெரியும்மா. எனக்கும் என் வீட்டுக்காரி போனப்புறம் மேனேஜர்தான். தீக்குச்சி அளவுல இருந்தப்போ அவதான் வாங்கிட்டு வந்தா. எங்க டிப்போ மேனேஜர் மாதிரியே கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு முறைப்பான், வேற எந்த வேலையும் பார்க்க மாட்டான். பேரை வெச்சதும் அவதான். காலையில நான் ஹாலுக்கு வந்தா ஓடி வருவான் பாருங்க! எனக்குன்னு ஓடி வர்ற ஒரே ஜீவன்.

– உங்க பொண்ணு இருக்காளே.

– அது ஏழு மணிக்கு ஆபீசுக்கு ஓடுது. மாப்பிள்ளை அதுக்கும் முன்னாடி. சாயங்காலம் வரைக்கும் நானும் லிஃப்டு சத்தமும்தான்.

– அதனாலதான் சொல்றேன். நான் வரல. தங்கச்சி வீட்டுல பின் ரூம் காலியா இருக்கு, அங்க போயிடறேன். உங்களுக்கு உங்க மேனேஜர் இருக்கட்டும்.

– இருங்க, இருங்க! அவங்க வீட்டுத் தண்ணி உப்பு. உங்க ரேம் ஒரு வாரம் தாங்காது.

– வேற காரணம்?

– இங்க சுடுதண்ணி நல்லா வருது. மாடி ஏற வேண்டாம்.

– வேற?

– டீ போட்டா ரெண்டு டம்ளரா போட்டுத் தொலைக்கிறேன்மா. கை பழகிடுச்சு. ஒண்ணு ஆறிப் போகுது.

– ஒரு நிமிஷம் இருங்க, இங்க ஒரே மோட்டார் சத்தம்.

– ஹலோ? லைன்ல இருக்கீங்களா?

– இருக்கேன். மேனேஜர் இப்போ என்ன பண்றான்?

– யாரு? மேனேஜரா? இதோ... இதோ, என் பக்கத்துலதான், கண்ணாடியை ஒட்டி நிக்கிறான். உங்க குரல் கேட்டதும் காதைத் தீட்டிக்கிட்டான்.

– மீனுக்குக் காது எங்க இருக்கு?

– உள்பக்கம் இருக்கும்மா. வெளியில இருந்தா தண்ணி பூந்துடாதா?

– போனைத் தொட்டிக்கிட்ட வையுங்க. அவன்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். டேய் மேனேஜர், என் பிள்ளைங்களை விட்டா பத்திரமா பார்த்துக்குவியா?

– ப்ளுப். ப்ளுப் ப்ளுப்.

– என்ன சம்பந்தி, மூச்சு வாங்குது அவனுக்கு?

– கொஞ்சம் சளி.

– சரி, நான் வந்து, ஒரு நியான் காணாம போச்சுன்னா?

– நானே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உள்ள இறங்கித் தேடறேன்.

– விளையாடாம சொல்லுங்க. அவனைப் பிரிஞ்சு உங்களால இருக்க முடியுமா?

– அந்தப் பேச்சு எதுக்கும்மா இப்போ? அவன் எங்க போகப் போறான்? நல்லா இருக்கான். அவனால நீங்க வராம இருந்துடக் கூடாது, அவ்வளவுதான்.

– எனக்காக யாராவது எதையாவது விட்டுக்குடுத்தா எனக்குச் சோறு இறங்காது. என் பையனுக்குத் தெரியும்.

– எனக்கும் தெரியும். மாப்பிள்ளை சொல்லியிருக்காரு. அதான் சொல்றேன், இங்க யாரும் எதையும் விட்டுக்குடுக்கல. நீங்க தைரியமா வாங்க.

– சனிக்கிழமை வரேன்.

– என்னது?

– சனிக்கிழமை வரேன்னேன். பிள்ளைங்களோட.

– டேய் மேனேஜர், கேட்டியாடா! பாருங்கம்மா, குட்டிக்கரணம் அடிக்கிறான்! தண்ணி தெறிச்சு சட்டையெல்லாம் ஈரம்! இப்படி ஆடி நான் பார்த்ததே இல்ல!

– துடைச்சுக்குங்க. சம்பந்தி, ஆஸ்கரோட எதைச் சேர்த்து விடலாம்னு கேக்குறதுக்காக நீங்க வழக்கமா போற வளர்ப்பு மீன் கடைக்கு வந்தேன், இங்க இருந்துதான் பேசுறேன். சின்ன மீனுங்க வரப்போகுதுன்னு போன வாரம் நீங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டே கொண்டுவந்து விட்டுட்டுப் போனீங்களாமே, அந்த மேனேஜர் இதோ என் விரல் போற பக்கமெல்லாம் கண்ணாடியை ஒட்டி வந்துக்கிட்டு இருக்கான்.