நீளத் தெருவின் கடைசி வீடு

மேடையில் அமர்ந்திருக்கும் தீவு மக்கள் சங்கத் தலைவர் அவர்களே, மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் அவர்களே, வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் ஓடிவந்திருக்கும் சலவைக்கூடத் தோழிகளே, தீவிலிருந்து வந்து இந்த ஊரில் குடியேறிய குடும்பங்களே, கடைசி வரிசையில், கதவோரமாக, எந்த நிமிடமும் எழுந்து போய்விடுகிறவர்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் இஸ்திரி அக்காவின் அண்ணன் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் அச்சகக்காரி. கல்யாணப் பத்திரிகையும் கடை ரசீதும் அடித்துப் பிழைக்கிறவள். உங்கள் தீவைச் சேர்ந்தவளும் இல்லை. மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை; சண்டை போட்டுத்தான் பழக்கம். "இன்னைக்காவது கோபப்படாம பேசிட்டு வா" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முடிந்தவரை பார்க்கிறேன்.

என் தலைக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். நானே அடித்த பேனர். 'நீளத் தெரு: நாவல் வெளியீட்டு விழா' என்று அடித்தேன். இதே மண்டபம், இதே நாள், இதே நாற்காலிகள். போன வாரம் வேலைக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நம் இஸ்திரி அக்கா, அப்படியே போய்விட்டார். மண்டபத்தை விட மனசு வரவில்லை. 'வெளியீட்டு விழா' என்ற எழுத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, 'இரங்கல் கூட்டம்' என்று எழுதிவிட்டோம். ஃபேன் காற்றில் அந்தத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. வந்ததிலிருந்து நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வெளியே போய் மூன்று தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

யார் இந்த இஸ்திரி அக்கா? எழுத்தாளரா? அவரைக் கேட்டால் சிரிப்பார். "நான் மருத்துவமனைப் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடறவ" என்பார். படித்தவரா? தீவுப் பள்ளிக்கூடத்தோடு சரி. பிறகு எப்படி எழுதினார்? அந்தக் கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிராக நின்று உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மெஷின் இரைச்சலில் தூரத்திலிருந்து பேசினால் காதில் விழாது. முனைகள் சேரும்போது முகத்துக்கு முகம் கிட்டே வருமே, அப்போது அக்கா கதையில் ஒரு வாக்கியம் சொல்வார். அடுத்த விரிப்புக்கு அடுத்த வாக்கியம். சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். "ஏன்க்கா உங்க வாக்கியமெல்லாம் இவ்வளவு குட்டையா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "விரிப்பு அவ்வளவுதான் நீளம்" என்றார்.

அப்படி மடித்து மடித்து எழுதியது இந்த நாவல். கிணறெல்லாம் உப்பாகி, கடல் தெருவுக்குள் ஏறிவந்து, ஒரே நாளில் எல்லோரும் படகேறிய அந்தத் தீவைப் பற்றி, அங்கே பிறந்த ஒருத்தி எழுதிய முதல் நாவல். அந்த ஒருத்தி இன்றைக்கு இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்த நாவல் எப்படி வளர்ந்தது என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். அக்கா முதலில் எழுதிய தெருவில் ஆறு வீடுதான் இருந்தது. மெய்ப்புப் பார்க்க என் அச்சகத்துக்கு வருவார். அவர் வருவது தெரிந்து நீங்கள் எல்லோரும் பின்னாலேயே வருவீர்கள். "கதையில எங்க வீடு எங்கே?" ஒருவர் விடாமல் இதே கேள்விதான். அக்கா சேர்த்தார். "எங்க கதவு நீலம், நீ பச்சைன்னு எழுதியிருக்கே." அக்கா திருத்தினார். "எங்க முருங்கை மரத்தை விட்டுட்டியே." மரத்தை நட்டார். நம் தலைவர் அவர்கள் தன் வீட்டுச் சிமென்ட் தொட்டிக்காக எத்தனை நடை நடந்தார் என்பது எனக்குத் தெரியும். தொட்டி இருக்கிறது தலைவரே, நீங்கள் சொன்ன அளவிலேயே இருக்கிறது.

பக்கம் ஏறிக்கொண்டே போனது. நான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கத்திவிட்டேன். "அக்கா, உங்க தெரு இப்ப உங்க தீவைவிட நீளமாயிடுச்சு. இன்னும் நாலு வீடு சேர்த்தா கடலுக்குள்ள போயிடும்." அக்கா பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னார்: "போகட்டும். இப்ப எல்லாம் அங்கதானே இருக்கு." கூடுதல் தாள் வாங்கப் போய்விட்டேன்.

வீடு கேட்டு வந்தீர்கள், சரி. வீட்டைப் பார்த்தீர்கள், சந்தோஷப்பட்டீர்கள், கண்கூடக் கலங்கினீர்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினீர்களா? ஒருவராவது? ஆளாளுக்குத் தன் வீடு வரும் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். போகிறபோது கடைசி அத்தியாயத்தை மேலோட்டமாக ஒரு பார்வை. அதில் ஒரு படகு இருந்தது. படகில் ஒரு மகன் இருந்தான். கரையில் ஒரு அப்பா இருந்தார். அது போதாதா நமக்கு? நேராக அண்ணனிடம் போய், "உன் தங்கச்சி உன்னைப் பத்தி எழுதிட்டா" என்று சொல்லிவிட்டீர்கள்.

தலைவர் சீட்டு அனுப்புகிறார். 'சுருக்கமாக' என்று எழுதியிருக்கிறார். புத்தகப் பேச்சு இன்றைக்கு வேண்டாம் என்று காலையிலேயே சொன்னார். கட்டுப் பிரிக்காத பெட்டிகள் இதோ இந்த மேடைக்கு அடியில் இருக்கின்றன. மன்னிக்க வேண்டும் தலைவரே. என்னை உட்காரவைக்க வேண்டுமென்றால் மைக்கைத்தான் பிடுங்க வேண்டும்.

அண்ணன் பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பழுது பார்க்கிறவர். அன்றைக்குப் படகிலும் எஞ்சின் அவர் கையில்தான் இருந்தது. இருபது வயதுகூட ஆகாத பையன். கடைசிப் படகு, நிறைய ஆள், அலை உயர்ந்துகொண்டே வருகிறது. அப்பா மட்டும் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போனவர் வரவில்லை. "எடு, எடு" என்று படகே கத்தியது. கத்தியவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். மடியில் குழந்தையை வைத்திருந்தவர்கள் கத்தத்தான் செய்வார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரை சேர்ந்த பிறகு அந்தச் சத்தம் எல்லோருக்கும் மறந்துபோனது. 'அப்பாவை விட்டுட்டு வந்தவன்' என்ற பேச்சு மட்டும் மறக்கவில்லை. ஒரு மனிதன் எத்தனை காலம் அதைச் சுமப்பான்?

நேற்று அண்ணன் என் அச்சகத்துக்கு வந்தார். உட்காரவில்லை. "புத்தகத்தை வெளிய விடாதீங்க. அவ போயிட்டா, அதுவும் அவளோட போகட்டும்" என்றார்.

"ஏண்ணே?"

"நான் செஞ்சதை ஊரெல்லாம் படிக்கணுமா?"

"நீங்க படிச்சீங்களா?"

"படிக்க வேற செய்யணுமா? அதான் எல்லாரும் சொன்னாங்களே."

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அண்ணே, நேற்று நான் சொல்ல வந்ததைத்தான் இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். தயவுசெய்து கதவைத் திறக்காதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்.

முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கும் இந்தத் தங்கச்சிதான் அக்காவின் எதிர்முனையைப் பிடித்து விரிப்பு மடித்தவள். இவளும் தீவுக்காரிதான். சில மாதங்களுக்கு முன்னால், கடைசி அத்தியாயத்தை அக்கா விரிப்பு விரிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கரையில் அப்பா நிற்கிறார். மகனைப் பார்க்கிறார். முனைகள் சேர்ந்தன. படகு கிளம்புவதற்கு முன் அப்பா சொன்னதை, சிறு பெண்ணாகப் படகில் உட்கார்ந்து தன் காதால் கேட்டதை, அப்படியே சொன்னார் அக்கா. "நீ எஞ்சினைப் போடு. நான் வீட்டுக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுட்டு வந்துடறேன்."

இவள் விரிப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"அக்கா, நம்ம ஊர்ல தாழ்ப்பாள் உள்பக்கம்தானே?" என்று கேட்டாளாம்.

சுத்தமான விரிப்பு ஈரத் தரையில் கிடக்கிறது, இரண்டு பேரும் மரம்மாதிரி நிற்கிறார்கள், மேற்பார்வையாளர் ஐயா வந்து சத்தம் போடுகிறார். ஏன் நின்றார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. அக்கா அன்று மாலையே அச்சகத்துக்கு ஓடிவந்து சொன்னபோது, "அதனால என்னக்கா?" என்றுதான் கேட்டேன். அக்காதான் விளக்கினார். தீவு வீடுகளுக்கு ஒரே கதவு, காத்துக்குப் பயந்து பின்பக்கம் கதவு வைப்பதில்லை. பூட்டு என்ற பொருளையே அவர்கள் பார்த்ததில்லை, வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். ராத்திரி படுக்கும்போது உள்ளேயிருந்து தாழ்ப்பாள், அவ்வளவுதான். வெளியே இருந்து சாத்தலாம், தாழ்ப்பாள் போட முடியாது.

தீவுக்காரர்களே, இப்போது உங்களுக்கு விளங்குகிறதா? உங்கள் முகத்தைப் பார்த்தால் விளங்குகிறது என்று தெரிகிறது. உங்களில் எத்தனை பேர் அந்தப் படகில் அந்த வார்த்தையைக் கேட்டீர்கள்? உங்கள் எல்லோர் வீட்டிலும் அதே தாழ்ப்பாள்தானே இருந்தது? அத்தனை வீட்டுக் கதவையும் நிறம் முதற்கொண்டு அக்காவுக்குச் சொன்னீர்களே, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதை ஏன் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை? அந்தப் பெரியவர் வருவதாகவே இல்லை. தன் வீட்டை விட்டுவிட்டு வர அவருக்கு மனசில்லை. ஆனால் அதைச் சொன்னால் மகன் எஞ்சினைப் போட மாட்டான். அதனால் வந்துவிடுகிறேன் என்றார். படகை எடுக்கச் சொன்னதே அவர்தான்.

அக்கா கடைசி அத்தியாயத்தை முழுக்கத் திருத்தி எழுதினார். நீளத் தெருவின் கடைசி வீடு அவர்கள் வீடு. கதவு உள்ளேயிருந்து தாழிட்டிருக்கிறது, படகு பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதோடு நாவல் முடிகிறது. "போய் அண்ணன்கிட்ட சொல்லுங்கக்கா" என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். அண்ணன் போனை எடுத்தால்தானே. "நேர்ல போனாலும் நம்ப மாட்டான்டி. தங்கச்சி சமாதானத்துக்குச் சொல்றான்னு நினைப்பான். அச்சடிச்சு, ஊர் முன்னாடி, அவன் கையில முதல் பிரதியைக் கொடுக்கணும். அப்பதான் நம்புவான்" என்றார். இந்த விழாவை அவர் கேட்டது அதற்காகத்தான். மாலைக்காக இல்லை, பேர் வாங்குவதற்காக இல்லை. அண்ணன் வருவாரா வருவாரா என்று அந்தக் கடைசி வாரமெல்லாம் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். அண்ணன் வந்திருக்கிறார். அக்காதான் இல்லை.

இஸ்திரி அக்காவுக்கு இந்தக் கூட்டம் என்ன உறுதி கொடுக்கப் போகிறது? மௌனமாக நின்றுவிட்டுக் கலைந்து போவதா? என் பங்குக்கு நான் சொல்கிறேன். இந்த நாவல் என் அச்சகம் இருக்கும்வரை அச்சில் இருக்கும். கதையில் வீடு விடுபட்டவர்கள் இன்னும் இருந்தால் வாருங்கள், அடுத்த பதிப்பின் பின்னிணைப்பில் சேர்க்கிறேன், தெரு நீளட்டும். ஒரே நிபந்தனை. கடைசி வீடுவரை நடந்து, அந்தக் கதவைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் வீட்டைப் பற்றி என்னிடம் பேச வேண்டும்.

அண்ணன் எழுந்துவிட்டார். போகிறாரோ என்று எனக்கு ஒரு நிமிடம் உயிரே இல்லை. என்னண்ணே? சத்தமாகச் சொல்லுங்கள், இங்கே கேட்கவில்லை.

அப்பா சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்.

நான் சொல்ல மாட்டேன் அண்ணே. நீங்களே படியுங்கள். மேடைக்கு வர வேண்டாம், அங்கேயே இருங்கள், நான் இறங்கி வருகிறேன். தங்கச்சி, நீ அழுதது போதும், பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கொடு. தலைவரே, நீங்கள் கொஞ்சம் உயரம், அந்த நாற்காலியில் ஏறி பேனரில் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிடுங்கள். முதல் பிரதியை அண்ணன் வாங்குகிறார்.