மீட்டருக்கு வச்ச பொட்டு

எனக்கு முன்னாடி பேசுனவரு எதுக்குமே பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு உக்காந்தாரு. நீங்களும் நல்லா கை தட்டுனீங்க. நான் பயப்படுங்கன்னு சொல்ல வந்திருக்கேன். கை தட்ட மாட்டீங்க, பரவாயில்ல. ஒரு குட்டிக் கதை இருக்கு, அதை மட்டும் கேட்டுருங்க.

கம்பம் ஊருக்குப் பக்கத்துல செல்லக்காமுன்னு ஒருத்தர். மினி டிராக்டர் வச்சிருக்காரு. திராட்சைப் பந்தல் தாழ்வா இருக்கும்ல, பெரிய டிராக்டர் உள்ள நுழையாது. அதனால தோட்டத்துக்கெல்லாம் எரு அடிக்கிறது இவரு வண்டிதான். பின்னாடி ஒரு டிப்பர். லீவரை இழுத்தா ஆயில் அழுத்தத்துல தொட்டி மேல தூக்கும், எரு பின்னால சரியும். கூடமாட வேலை பாக்குறது அவரு சம்சாரம் பஞ்சவர்ணம்.

நம்மாளுக்கு ஒரு ஆசை. ஒரே நடையில நெறைய ஏத்தணும். ஏத்துனா தொட்டி தூக்க மாட்டேங்குது. மெக்கானிக் காஜா பாய்கிட்டப் போனாரு. அழுத்தம் மிஞ்சுனா தானாத் திறந்து விடுற வால்வு ஒண்ணு இருக்குல்ல, அதை இறுக்கி விடுங்க பாய்னு நின்னாரு. பாய் மாட்டேன்னாரு. இவரு விடல. கடைசியில பாய் இறுக்கி விட்டுட்டு, முன்னாடி ஒரு பிரஷர் மீட்டரையும் மாட்டி விட்டாரு.

மாட்டிட்டுச் சொன்னாரு: "இனிமே உங்கள இந்த வண்டி காப்பாத்தாது. இந்த முள்ளுதான் காப்பாத்தும். முள்ளு சிவப்புக்குப் போனா லீவரை விட்டுருங்க."

சரின்னுட்டு வந்தாரு. ஆனா என்ன ஆச்சு... தூக்குற ஒவ்வொரு தடவையும் முள்ளு சிவப்புக்குப் போகுது. லீவரை விட்டா எரு இறங்காது, விடாட்டி நெஞ்சு பக்குபக்குங்குது. சோறு இறங்கல மனுஷனுக்கு. அப்ப என்ன பண்ணணும்? பாரத்தைக் குறைக்கணும். நம்ம ஆளு அதைச் செய்வாரா?

ஆயுத பூஜை வந்துச்சு. வண்டியக் கழுவி, டயருக்குப் பொட்டு, லைட்டுக்குப் பொட்டு, ஸ்டியரிங்குக்குப் பொட்டுன்னு பஞ்சவர்ணம் வச்சுக்கிட்டே வருது. இவரு கூப்பிட்டு, அந்த மீட்டருக்கும் ஒண்ணு வையின்னாரு. எங்க வைக்கன்னு அது கேட்டுச்சு. இவரே விரலை வச்சுக் காட்டுனாரு... சரியா அந்தச் சிவப்பு மேல.

சந்தனம் காஞ்சு கெட்டியாயிருச்சு. சாமிக்கு வச்ச பொட்டை யாரு அழிப்பா? நீங்க அழிப்பீங்களா? நானும் அழிக்க மாட்டேன். முள்ளு மேல போகும், பொட்டுக்குள்ள மறைஞ்சிரும். அன்னையில இருந்து செல்லக்காமுவுக்கு நல்ல தூக்கம்.

ஐப்பசியில அடைமழை. எரு நனைஞ்சு ஈயமாக் கனக்குது. ஒரு தோட்டத்துல தொட்டியத் தூக்குறாரு, பாதியில நின்னுபோச்சு. எரு அப்படியே ஒட்டிக்கிச்சு. இவரு லீவரைப் பிடிச்ச பிடி விடல. அடியில போயி ரெண்டு தட்டு தட்டுனா சரிஞ்சிரும்னு பஞ்சவர்ணம் மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு, தூக்குன தொட்டிக்கு அடியில குனிஞ்சிருச்சு. எப்பவும் செய்யறதுதான்.

பம்பு கீச்சுனு கத்துது. அந்தச் சத்தம் இவரு அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. மீட்டரைப் பாக்குறாரு. சந்தனம்தான் தெரியுது. நகத்தால சுரண்டுறாரு... வரல. தலைக்கு மேல ஒரு டிப்பர் எரு, அதுக்குக் கீழ பொண்டாட்டி, நடுவுல ஆயில் போற ஒரு ரப்பர் குழாய்.

"பஞ்சவர்ணம்... வெளிய வா."

"இருய்யா, அசையுது. இன்னும் ரெண்டு தட்டு."

"வான்னு சொல்றேன்ல."

"ஏன், முள்ளு சிவப்புக்கு வந்துருச்சா?"

என்ன சொல்லுவாரு? வந்துருச்சுன்னு சொல்லத் தெரியல. வரலன்னு சொல்ல வாய் வரல. வண்டியப் பத்தி எது கேட்டாலும் எல்லாம் எனக்குத் தெரியும்னு சொல்ற மனுஷன்...

"தெரியல பஞ்சவர்ணம்."

அந்தக் குரலைக் கேட்டதும் அது, மண்வெட்டியப் போட்டுட்டு வெளிய உருண்டுச்சு.

குழாய் வெடிச்சுது. கொதிக்கிற ஆயில் பீய்ச்சி அடிச்சு... தொட்டி தொப்புனு இறங்கிருச்சு. செல்லக்காமு இறங்கி ஓடி வந்து பாக்குறாரு. பஞ்சவர்ணம் வெளியதான் கெடக்கு. ஆனா சேலை முந்தானை அந்த இரும்புக்கு அடியில. எந்திரிக்க முடியல. இவரு பக்கத்துல உக்காந்து சேலையக் கிழிச்சு விட்டாரு. அது அழுகல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு:

"எத்தனை நாளாய்யா உனக்குத் தெரியாது?"

அய்யா... அம்மா... இப்ப சொல்லுங்க. செல்லக்காமுவுக்குப் பயம் வந்தது தப்பா? பயம் சரியான பயம். அந்தப் பயத்தோட கண்ணைப் பொத்துனாரே, அதுதான் தப்பு. பொத்துறதுக்கு எல்லார் வீட்டுலயும் ஏதாவது நல்ல பொருள் இருக்கு. சாமி பேரு இருக்கு, மானம் மரியாதை இருக்கு, நாலு பேரு என்ன சொல்லுவாங்கிறது இருக்கு.

நெஞ்சுல சுருக்குனு வலிக்குது. வாயுத் தொல்லைன்னு சொல்லிக்கிறோம். கட்டிக் குடுத்த பொண்ணு போன்ல பேசுது, குரல் ஒரு மாதிரி இருக்கு... சளி பிடிச்சிருக்கும்கிறோம். சளியா அது? உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிஞ்சுக்கவும் பயம். ஆனா அடியில குனிஞ்சு நிக்கிறது நீங்க இல்ல, அந்தப் பொண்ணு.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அதுக்கு ஒரு போன் போடுங்க. நல்லா இருக்கியான்னு கேக்காதீங்க. நல்லா இருக்கேன்னுதான் சொல்லும். "எனக்குப் பயமா இருக்கு தாயி, என்னன்னு சொல்லு"ன்னு கேளுங்க. கேட்டுட்டு, போனை வைக்காம இருங்க. அழுது முடிக்கட்டும்.