பெஞ்சுல விழுந்த வெட்டு

நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க. மொதல்ல மிஷின அணைங்க. வேலைக்குன்னு வந்து அரை மணி நேரம் ஆகல, அதுக்குள்ள என் பெஞ்ச ரெண்டாப் பொளக்கப் பாத்தீங்களே. பிளைவுட் ஷீட்ட அப்படியே பெஞ்சு மேல போட்டு அறுத்தா பிளேடு கீழ எங்க போகும்? பெஞ்சுக்குள்ளதான் போகும். அதோ செவுத்துல சாஞ்சிருக்கு பாருங்க, உடம்பெல்லாம் கோடு கோடா ஒரு பலகை, அத எடுத்து அடியில போடுங்க. பெஞ்சுக்குப் பதிலா வெட்டு வாங்குறதுக்குன்னே இருக்குற ஜீவன் அது. பிளேடையும் கொஞ்சம் ஏத்துங்க. ஷீட்டுக்குக் கீழ ஒரு நூல் அளவு எட்டிப் பாத்தா போதும், கெணறா வெட்டப் போறோம்.

இதெல்லாம் என் பேச்சுன்னு நெனைச்சிராதீங்க. எனக்கு எங்க இந்தப் பொறுப்பெல்லாம். என் கூட்டாளி பேச்சு இது. பதினோரு வருஷம் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவனுக்கு மில்லிமீட்டருன்னு நாந்தான் பேரு வெச்சேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்குவான், தொண்டையக் கனைச்சுக்குவான், இப்படி, ம்க்கும், ஷீட்டு இன்னைக்கு வரும் நாளைக்குப் போயிரும்ப்பா, பெஞ்சு நம்ம கூடயே கெடக்கப் போறது, அதப் பாத்துக்க வேணாமா. அச்சா அவன் குரல்ண்ணே. அவன் வீட்டுக்காரியே ஒருக்கா போன்ல ஏமாந்துருச்சு. வரும்போது ரெண்டு கிலோ தக்காளி வாங்கிட்டு வர்றேம்மான்னுட்டேன். வெறுங்கையோட வீட்டுக்குப் போயி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்.

என்ன, அந்த வெட்டா? கேப்பீங்கன்னு தெரியும். தடவிப் பாருங்க, நகம் போகுதா உள்ள? நான் பண்ணதுன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. இல்லண்ணே. மில்லிமீட்டரேதான்.

போன மாசம் ஒரு கட்டில் வேலை எடுத்தான். தெரிஞ்ச பையனுக்குக் கல்யாணம்னான். தலைமாட்டுப் பலகை அறுக்கணும், அந்த முனையப் புடிடான்னான். புடிச்சேன். மாப்ள குடுத்து வெச்சவன்டா, பேரன் பேத்தி எடுத்தாலும் இந்தக் கட்டில் ஆடாதுன்னு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே புடிக்கிறேன். அவன் அளவ ரெண்டாந்தடவ கூடப் பாக்காம மிஷினப் போட்டான். அடியில பலகையும் போடல. ஷீட்டு ரெண்டா விழுது, பாத்தா பெஞ்சும் அறுபட்டுக் கெடக்கு. பதினோரு வருஷத்துல மொத தடவ. நான் விடுவேனா? ஒரு வாரம் அவன நிம்மதியா டீ குடிக்க விடல. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு அவன் குரல்லயே அவனுக்குப் பாடம் எடுத்தேன். தலையக் குனிஞ்சுக்கிட்டான். வெக்கப்படுறான்னு நெனைச்சேன். மடையன் நான்.

எட்டாம் நாளு ஆளு வரல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம், ஐயாதான் சாட்சிக் கையெழுத்து. தெரிஞ்ச பையன்னானே, அது அவன் பெத்த பையன். எனக்கு யாரு சொன்னா தெரியுமா? பெயிண்டுக் கடைக்காரரு. வார்னிஷ் வாங்கப் போன இடத்துல.

அந்த வெட்டப் பட்டி வெச்சு அடைச்சிரலாம்தான், ஒரு அரை நாள் வேலை. கை வர மாட்டேங்குது. முந்தாநாள் அவனே வந்தான், கையில பட்டி டப்பாவோட. இங்கதான், நீங்க நிக்கிற எடத்துல நின்னான். ஐயாவுக்கு என்ன வேணும்னு கேட்டேன். பதினோரு வருஷமா வாடா போடான்னு கூப்பிட்ட வாயி. நான் வழக்கம் போல வெளையாடுறேன்னு சிரிக்கப் பாத்தான். என் மொகத்தப் பாத்துட்டு டப்பாவ வெச்சுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறந்தான் ஆளு வேணும்னு உங்களுக்குச் சொல்லி அனுப்புனேன்.

அதுக்குப் போயி கூட்டாளிய விடுவாங்களான்னு கேக்குறீங்க. மகனுக்குக் கல்யாணம்னு சொன்னா நான் என்ன முடியாதுன்னா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன்தான், அது வேற விஷயம். ஆனா என் மொகத்தப் பாத்துச் சொல்லியிருக்கணுமா இல்லையா? சண்டையாவது போட்டிருப்போம். ஷீட்டோட அந்த முனைய என் கையிலயே குடுத்துப் புடிக்க வெச்சானே, அதத்தான் சொல்றேன்.

அவன் மகன் இருக்கானே, அந்தப் பய எப்படின்னா, வேலைவெட்டி கெடையாது, ஒரு தோள எறக்கிப் போட்டுக்கிட்டு தெருவ அளந்துட்டு வருவான். இந்தா, இப்படி. சிரிப்பு வருதுல்ல? வீட்டுல தட்டு வெச்சதும் நான் இதத்தான் நடந்து காட்டுவேன். என் பொண்ணுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொறையேறும். இன்னொரு தடவ நடங்கப்பான்னு அவளே கேப்பா.

அவதாண்ணே கட்டியிருக்கா அவன. கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி கூட நடந்து காட்டுனேன். அன்னைக்கும் சிரிச்சா.